பகத் சிங் படித்த புத்தகங்கள்

ஒரு புத்தகத்தைப் படித்ததால் கடவுள் நம்பிக்கையையே விட்டுவிட்டான் என்று சிலரைப் பற்றிச் சொல்வதுண்டு. பிள்ளைகள் கையிலுள்ள நூலைக் கண்டு பெற்றோர் சிலர் கலங்குவதும் இதனால்தான். புத்தகத்துக்கு உண்மையிலேயே அத்தனை வலிமை உண்டா? இதற்கு விடை தேடுவோருக்குப் பகத் சிங்கின் வாழ்க்கை நல்லதொரு சான்று.

இந்திய விடுதலைக்காக 23 வயதில் தூக்குமேடை ஏறியவர் பகத் சிங் என்பதை அனைவரும் அறிவர். அவர் ஓயாமல் படித்த வாசகர் என்பதை அறிந்தோர் குறைவு.

1907ஆம் ஆண்டு பஞ்சாபில் பிறந்தவர் அவர். தாத்தா ஆரிய சமாஜத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். லாகூரில் பள்ளி விடுதியில் தங்கியிருந்த காலத்தில், காலை மாலை வழிபாட்டோடு நில்லாமல் மணிக்கணக்காகக் காயத்ரி மந்திரம் ஓதிய சிறுவன்தான் பகத் சிங். பின்னர் லாகூர் தேசியக் கல்லூரியில் சமயங்களைப் பற்றி விவாதிக்கத் தொடங்கினார். அப்போதும் கடவுள் நம்பிக்கை அவரை விட்டு நீங்கவில்லை.

புரட்சி இயக்கத்தில் சேர்ந்தபோது அங்கும் பக்திமான்கள் இருந்தனர். தலைவர்களில் ஒருவரான சச்சீந்திரநாத் சன்யால் எழுதிய 'பந்தி ஜீவன்' என்ற நூல் இறைவனின் பெருமையைப் பேசுவது. அதையும் பகத் சிங் படித்தார்.

1925ஆம் ஆண்டு காக்கோரி ரயில் கொள்ளை வழக்கில் தலைவர்கள் பலர் கைதாகவே, இயக்கப் பொறுப்பு இளைஞர்களின் தோளில் விழுந்தது. எதிர்ப்போரின் வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். ரஷ்யச் சிந்தனையாளர் பக்கூனின், மார்க்ஸ், லெனின், ட்ராட்ஸ்கி ஆகியோரின் எழுத்துகளைத் தேடிப் படித்தார். 1926ஆம் ஆண்டின் இறுதிக்குள், எல்லாம் வல்ல இறைவன் ஒருவன் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

படித்து வந்த முடிவு பட்டறிவில் நிலைக்குமா? 1927இல் கைதாகிக் காவலில் இருந்தபோது அந்தச் சோதனை வந்தது. தூக்குத் தண்டனை கிடைக்கும் என்று போலீசார் மிரட்டினர். கடவுளைத் தொழும்படியும் வற்புறுத்தினர். கவலையற்ற காலத்தில் மட்டும்தானா இந்த நாத்திகம் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். தொழுவதில்லை என்று உறுதி பூண்டார்.

1930 அக்டோபரில், லாகூர் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த நேரத்தில், 'நான் ஏன் நாத்திகன்' என்ற கட்டுரையை எழுதினார். அவருடைய அவநம்பிக்கைக்குச் செருக்கே காரணம் என்று சிலர் கூறியதற்கு அளித்த பதில் அது. நம்பிக்கையுள்ளவனுக்கு மறுபிறவியோ சொர்க்கமோ ஆறுதல் தரலாம்; தமக்கோ கழுத்தில் கயிறு இறுகும் கணமே முடிவு என்று அதில் விளக்கினார். நம்பிக்கை துன்பத்தின் கடுமையைக் குறைக்கும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. 1931 மார்ச் 23ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் கட்டுரை லாகூர் வார இதழொன்றில் வெளிவந்தது.

ஒரு வாசகரின் கட்டுரை பிறர் படிக்கும் நூலாகத் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமி வெளியிட்டார். ஆங்கிலேய அரசு இருவரையும் கைது செய்தது. அந்தச் சிறுநூலைக் கண்டு பேரரசே அஞ்சியது எனலாம்.

பக்தி நூலும் மறுப்பு நூலும் ஒரே இளைஞரின் கையில் இருந்தன. புத்தகங்கள் அவருக்குக் கேள்விகளைத் தந்தன. விடையைத் தேடியதும், அதற்குரிய விலையைக் கொடுத்ததும் அவரே. அவருடைய முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் இரு பக்கத்தையும் படித்துப் பார்த்து முடிவெடுத்த அந்த நேர்மை, ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் பொதுவான பாடம்.