மூன்று ஊர், ஒரே சட்டை

வாட்டர்ஃபோர்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், வார்டில் இருந்த பெரியவர் ஒருவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று பேச்சுக் கொடுத்தேன். "ஷாம்ராக்ஸ்" என்றார். அப்படி ஓர் ஊரை வரைபடத்தில் தேடியும் கிடைக்கவில்லை. அது ஹர்லிங் கிளப்பின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. ஊர் வேறு, கிளப் வேறு என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அவருடைய ஊர் பாலிஹேல். கில்கெனி கவுண்டியின் தெற்கே, வாட்டர்ஃபோர்டு போகும் பழைய சாலையில் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் கிராமம். காரில் போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். இந்த இடம்தான் அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை 9 முறை வென்றிருக்கிறது. பர், போர்ட்டும்னா என்ற பெரிய பெயர்களிடம்கூடத் தலா 4 பட்டங்கள்தான்.

ஹர்லிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை; அதற்கு ஹர்லி என்று பெயர். கார்க் உள்ளீட்டின் மேல் தோல் தைத்த சின்னப் பந்து. H வடிவக் கம்பத்தில் குறுக்குக் கட்டைக்குக் கீழே அடித்தால் கோல், 3 புள்ளி; மேலே போனால் 1 புள்ளி. முதல்முறை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தபோது, இரண்டு மட்டைகள் மோதும் சத்தம் காய்ந்த விறகைப் பிளப்பது போலக் கேட்டது.

இந்தப் பக்கத்து மண்ணில் அந்தச் சத்தம் பழையது. 1366-இல் கில்கெனியில் கூடிய ஆங்கிலேயர் ஆட்சிமன்றம், தங்கள் குடியேறிகள் இந்த விளையாட்டை ஆடக் கூடாது என்று சட்டமே போட்டது. தடுக்க வேண்டிய அளவுக்கு அவர்களும் இதில் மயங்கிக் கிடந்திருக்கிறார்கள். 1831-இல் வேறு கதை. கத்தோலிக்கக் குடியானவர்கள் தாங்கள் சேராத திருச்சபைக்கு வரி கட்ட வேண்டியிருந்த காலம். அதை எதிர்த்துக் கூடியவர்கள் ஹர்லிங் ஆட வந்தவர்களைப் போல மட்டையோடு திரண்டார்கள்; அவர்களுக்கு 'ஹர்லர்கள்' என்றே பெயர் வந்தது. அந்த டிசம்பரில் பாலிஹேலுக்குப் பக்கத்தில், கேரிக்‌ஷாக் என்ற குறுகலான பாதையில், வரி நோட்டீஸ் கொடுக்க வந்தவனும் காவலுக்கு வந்த போலீசாரும் ஊர் மக்களும் மோதியதில் பதினைந்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடத்தின் பெயரைத்தான் பக்கத்து கிளப் இன்றும் தாங்கி நிற்கிறது.

1884 நவம்பர் 1-ஆம் தேதி தர்லஸ் நகரத்து ஹேஸ் ஹோட்டலில் மைக்கேல் கியூசாக் கூட்டிய கூட்டத்தில் கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் பிறந்தது. விளையாட்டுக்கு ஒழுங்கான விதிகள் வந்தன. அதைவிட முக்கியமாக, பங்குக் கோயிலின் எல்லையே கிளப்பின் எல்லையாக வேரூன்றியது. கில்கெனியில் இன்றும் நீங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவரோ அந்தப் பங்குக்குத்தான் ஆட முடியும். விலை கொடுத்து ஆள் வாங்க முடியாது. யாருக்கும் சம்பளமும் கிடையாது.

இந்த விதி சின்ன ஊரை வாட்டி எடுக்கும். 15 பேர் தேற வேண்டுமே! பாலிஹேல், நாக்டாஃபர், நாக்மொய்லன் மூன்றும் அக்கம்பக்கத்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி கிளப், தனிப் பெருமை. 1972-இல் மூன்றும் ஒன்றாயின; பாலிஹேல் ஷாம்ராக்ஸ் உருவானது. இந்தக் கிளப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோப்பைகளைப் பேசுவார்கள். எனக்கு இந்த 1972-தான் பெரிது. பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்பதைவிடப் பெரிய அவமானம் கிராமத்தில் இல்லை. அவனோடு ஒரே சட்டையைப் போட்டுக்கொள்ள எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் பேசியிருக்க வேண்டும்!

பலன் சீக்கிரமே வந்தது. 1978-இல் முதல் கில்கெனி கவுண்டி சீனியர் பட்டம். 1981 மே மாதம், தர்லஸ் மைதானத்தில், கார்க் நகரத்தின் செயின்ட் ஃபின்பார்ஸை 1-15, 1-11 (கோல்-புள்ளி) என்று வென்று முதல் அகில அயர்லாந்து பட்டம். அந்த அணியில் ஃபெனலி வீட்டு அண்ணன் தம்பிகள் ஏழு பேர். ஏறக்குறைய பாதி அணி ஒரே சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தது. 1984, 1990-லும் கோப்பை வந்தது. கில்கெனியில் ஒரு வழக்கம் இருந்தது: கவுண்டிப் பட்டம் வென்ற கிளப்பிலிருந்துதான் அடுத்த வருடம் கவுண்டி அணிக்குக் கேப்டன். அப்படி கெர் ஃபெனலி 1979-லும், லியம் ஃபெனலி 1983, 1992-லும் கில்கெனிக்காக, கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

1991-க்குப் பிறகு 15 வருடம் கவுண்டிப் பட்டமே இல்லை. சகோதரர்களுக்கு வயதாகிவிட்டது. அந்த நாட்களில் ஊரில் மட்டை பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவர் ஹென்றி ஷெஃப்லின். பெற்றோர் ஊரிலேயே பப் நடத்தியவர்கள். கில்கெனிக்காக ஆடி 10 அகில அயர்லாந்து பதக்கங்கள் பெற்றார். களத்தில் ஆடியே அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் மனிதர். வாரநாளில் வங்கி வேலை. கிளப்புக்காக 2007, 2010, 2015-இல் ஆட்டக்காரராக வென்றார், 2019, 2020-இல் பயிற்சியாளராக வென்றார். 2009-இல் கில்கெனியின் கேப்டன் மைக்கேல் ஃபெனலி, அந்த ஏழு பேரில் ஒருவரின் மகன்.

2022 பிப்ரவரி இறுதிப் போட்டியில் எதிரணி எங்கள் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னர். கடைசி நொடிகளில் ஹாரி ரடில் அடித்த கோலில் பாலிஹேல் ஒரே புள்ளியில் தோற்றது. வார்டின் டிவி அறையே எழுந்து நின்று கத்தியது. நானும் கைதட்டினேன், மனது அந்தப் பெரியவரைத்தான் நினைத்தது. அடுத்த சீசனில் பாலிஹேல் அதே பாலிகன்னரை அரையிறுதியில் வென்று, 2023 ஜனவரியில் டன்லாயைத் தோற்கடித்து ஒன்பதாவது பட்டத்தை எடுத்தது.

என் மகனுக்கு மட்டை வாங்கப் போன பட்டறையில் ஒருவர் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆஷ் மரத்தின் அடிப்பகுதி நான்கடிதான் இதற்கு ஆகும். தண்டு வேராக வளையும் இடத்தில் மரத்தின் ரேகையும் வளையும். அந்த வளைவே மட்டையின் தலை. வளைவு இல்லாத பலகையில் செய்தால் ஒரே மோதலில் உடைந்துவிடும். முனையில் தகரப் பட்டி வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். 2012-இல் ஒரு பூஞ்சை நோய் அயர்லாந்தின் ஆஷ் மரங்களைத் தாக்கத் தொடங்கியது. இன்று மட்டைக்கு வெளிநாட்டு மரமும் மூங்கிலும்கூட வருகின்றன.

கில்கெனி பக்கம் வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு டப்ளின் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் தெற்கே வாருங்கள். சனிக்கிழமை காலையாக இருந்தால் நல்லது. சின்ன மட்டைகளோடு பிள்ளைகள் களத்தில் இருப்பார்கள். வேலி ஓரமாக நின்று பார்க்கலாம்.