மெழுகு வந்த வழி

தீக்குச்சியை எடுத்தால் எல்லாரும் மருந்தைத்தான் பார்ப்பார்கள். மருந்துக்குக் கீழே, மரத்தில் ஊறிக் கிடக்கும் மெழுகு யார் கண்ணிலும் படாது. அது இல்லையென்றால் உரசியதும் மருந்து புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். குச்சியில் தீ ஏறாது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியே வயதானவன் நான். குச்சி, அட்டை, குளோரேட், பாஸ்பரஸ் என்று ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் உண்டு. அதில் மெழுகுப் பக்கத்தைப் புரட்டும்போதுதான் வயிறு கலங்கும். கச்சா எண்ணெயிலிருந்து வரும் சரக்கு அது. எங்கோ கடலுக்கு அப்பால் சண்டை என்றால் இங்கே கிலோவுக்கு விலை ஏறும்.

மெழுகு பலகை பலகையாக வரும். தட்டில் போட்டு உருக்கி, குச்சி அடுக்கிய கட்டையைத் தலைகீழாகப் பிடித்து, நுனி மட்டும் நனையும்படி ஒரு தொடு தொட்டு எடுக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு நுனியில் தடித்து நின்றுவிடும், பிறகு மருந்து பிடிக்காது. சூடு கூடினால் கொட்டகை முழுக்கப் புகை. எங்கள் ஆபீஸில் மெழுகு பார்த்த அண்ணாச்சி, புதுச் சரக்கு வந்தால் ஒரு துண்டை உடைத்து விரலில் தேய்த்துப் பார்ப்பார். “எண்ணெப் பசை கூட இருக்கு கணக்கப்பிள்ளை, குச்சி வேர்க்கும்” என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். மெழுகிலிருந்து எண்ணெயைச் சரியாகப் பிரித்தெடுக்காத சரக்கு என்பதை அந்த விரல் கண்டுபிடித்துவிடும். அந்தப் பலகை எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று தேடத் தொடங்கியது அந்தக் கொட்டகையில்தான்.

சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தீப்பெட்டி தொடங்கியது 1923-ல். மழை பொய்த்த கரிசலில் கை வேலைக்கு ஆள் இருந்தது, காய வைக்க வெயிலும் இருந்தது. தொழில் கோவில்பட்டிப் பக்கமும் வேர் பிடித்தது. அந்தக் காலத்தில் இந்தியச் சந்தைக்கு மெழுகு தந்த முக்கியமான இடங்கள் அஸ்ஸாமின் திக்பாயும் பர்மாவின் சிரியமும். வடக்கே ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள சிரியம் ஆலை வரை பர்மா ஆயில் கம்பெனி 1908 வாக்கில் ஒரு குழாய் போட்டது. ஏறக்குறைய 275 மைல். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். சீமெண்ணெயும் மெழுகும் மெழுகுவத்தியும் அங்கிருந்து கப்பலேறின. அப்போது பர்மாவும் இந்தியாவும் ஒரே ஆட்சியில். 1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனியாகப் பிரிந்தது. ஒரே கிணற்று எண்ணெய் அன்றிலிருந்து அயல்நாட்டுச் சரக்கு. 1942 மார்ச் 7-ல், ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போவதற்கு முந்தைய நாள், சிரியம் ஆலையை ஆங்கிலேயரே தகர்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய வழி ஒரே நாளில் அடைபட்டது. குழாயை நம்பிய தொழிலுக்கு இப்படி ஒரு நாள் எப்போதும் காத்திருக்கிறது என்று எனக்கு முதலில் புரியவைத்தது இந்தக் கதைதான்.

அடுத்தது அஸ்ஸாம். நகர்கட்டியா வயல்களிலிருந்து நூன்மாட்டி வழியாகப் பீகாரின் பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் கச்சா எண்ணெய்க் குழாய் 1960களின் தொடக்கத்தில் முடிந்தது. அந்த எண்ணெயும் மெழுகு மிகுந்தது. குளிர் காலத்தில் குழாய்க்குள்ளேயே உறைந்து நிற்கும். அதனால் அனுப்பும் முன் சூடாக்கி, பக்குவமாக ஆறவைத்து அனுப்பினார்கள். சுவரில் படியும் மெழுகைச் சுரண்ட ‘பிக்’ என்ற கருவியைக் குழாய்க்குள் விட்டு எண்ணெயின் அழுத்தத்தாலேயே தள்ளுவார்கள். இப்போது அதே வழியில், உள்ளிருந்தபடி எஃகின் தடிப்பை அளந்து எங்கே அரித்திருக்கிறது என்று சொல்லும் கருவிகளும் ஓடுகின்றன. நாங்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருள் குழாய்க்காரர்களுக்குச் சுரண்டி எறிய வேண்டிய தொல்லை!

எங்கள் பேரேட்டில் அதிகம் எழுதிய பெயர் மணலி. 1965 டிசம்பர் 30-ல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து சென்னைச் சுத்திகரிப்பு நிறுவனத்தை உருவாக்கின. மணலியில் அதன் ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. வளைகுடாவில் ஈரானின் டேரியஸ் வயலில் எடுத்த கச்சா எண்ணெய்க்கென்றே வடிவமைத்த ஆலை அது. கப்பல் சென்னைத் துறைமுகம் வரை கொண்டுவரும். அங்கிருந்து மணலிக்குக் குழாய். பெட்ரோல், டீசலோடு மெழுகும் வந்தது. அதை லாரியில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தோம்.

துறைமுகத்திலிருந்து மணலி போகும் அந்தப் பழைய 30 அங்குலக் குழாய் வடசென்னையின் குடியிருப்புகளுக்கு நடுவே கிடந்தது. குழாய் போட்ட பிறகு ஊர் அதைச் சுற்றிலும் நெருங்கிவிட்டது. 2013-ல் தண்டையார்பேட்டையில் வேறொரு எண்ணெய்க் குழாயின் கசிவு நிலத்தடி நீரில் கலந்து, வீட்டு போர்த் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. மறு வருடம் ஜூன் 27-ல் ஆந்திராவில் கோதாவரிக் கரையின் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள், அரித்துப்போன குழாய். மணலிக்குப் புதிதாக, சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் 42 அங்குலக் குழாய் போட்டார்கள். அனுமதிகளுக்கே வருடக்கணக்கில் இழுத்தது. என்னைக் கேட்டால் நாட்டில் எண்ணெய்க் குழாய்க்குச் செலவழித்த பணத்தில் மிக நல்ல பணம் இதுதான். ஒரு புது ஊருக்கும் இதனால் எண்ணெய் போகவில்லை. பழசை மாற்றி, ஆள் படுத்துறங்கும் இடத்திலிருந்து நகர்த்தியது. அதுவே பெரிய காரியம்.

குழாய் ஒருபுறம் இருக்க, 2021 டிசம்பர் 1-லிருந்து தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. 14 வருடத்துக்குப் பிறகு வந்த உயர்வு. அப்போது மெழுகு கிலோ 58 ரூபாயிலிருந்து 80 ஆகியிருந்தது.

அதே வருடம் பிப்ரவரி 17-ல் ராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாயைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 143 கிலோமீட்டர், எண்ணூரிலிருந்து வரும் பெரிய தடத்தின் தென்கோடித் துண்டு. ராமநாதபுரத்து எரிவாயு தூத்துக்குடிக்கு வந்தது. 1975-லிருந்து நாப்தாவில் ஓடிய ஸ்பிக் உர ஆலை எரிவாயுவுக்கு மாறியது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் இந்தக் குழாய் வேறெங்கோ இல்லை, எங்கள் மண்ணில் கிடக்கிறது. கரிசல் சாதாரண மண் இல்லை. ஐப்பசியில் நீரைக் குடித்து ஊதும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் புதைத்தாலும் வெடிப்பு அதற்குக் கீழேயும் இறங்கும். ஈரக் கரிசலில் மின்சாரம் எளிதாகப் பாயும், எஃகு சீக்கிரம் அரிக்கும். அதனால்தான் குழாய்க்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அரிப்பைத் தடுக்க மெல்லிய மின்னோட்டமும் கொடுக்கிறார்கள். உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் மண் விடாது.

மண்ணுக்கு உடையவர் கதை தனி. 1962-ல் வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்தை எடுப்பதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கிறது. மேலே கம்போ உளுந்தோ விதைக்கலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். மானாவாரிக் காட்டுக்குச் சந்தை மதிப்பே கொஞ்சம். அதில் பத்தில் ஒன்று! கிணறு வெட்டும் வாய்ப்பை இழந்த கரிசல்காரருக்கு அது எந்த மூலைக்கு? தூத்துக்குடிப் பக்கத்துக் குலையன்கரிசல், பொட்டல்காடு மக்கள் இந்த எரிவாயுக் குழாயை எதிர்த்து நின்றதை வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றதாகப் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

பீகாரின் மோத்திஹாரியிலிருந்து நேபாளத்துக்கு 2019-லும், சிலிகுரியிலிருந்து வங்கதேசத்துக்கு 2023-லும் குழாய் போய்விட்டது. இலங்கைக்கும் போட வேண்டும் என்று 2023 ஜூலையில் இரு நாடுகளும் அறிக்கை விட்டன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க அமீரகத்தையும் சேர்த்து ஒப்பந்தம் ஆனது. அங்கே ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தொட்டிகள் உண்டு. எந்தக் கரையிலிருந்து கிளம்பினாலும் அந்தக் குழாய் தமிழ்நாட்டு நிலத்தின் வழியாகத்தான் கடலில் இறங்க வேண்டும். முதலீட்டுக் கணக்கு போடும்போது எஃகுக்கும் பம்புக்கும் எழுதுகிற வரிசையிலேயே, குழாய்த் தடத்தை நடந்து பார்க்கும் ஆளுக்கும், உறையைச் சோதிக்கும் செலவுக்கும், நிலத்துக்காரருக்கும் எழுதியாக வேண்டும். முடியாத காரியம் இல்லை. கேரளத்தில் மக்கள் போராடிய பிறகு 2017-ல் எரிவாயுக் குழாய்க்கான இழப்பீட்டை அந்த அரசு உயர்த்திக் கொடுத்தது. சட்டப் புத்தகத்தில் மட்டும் இன்னும் 10 சதவீதம்தான் இருக்கிறது.