பிழையாகக் கேட்கும் காது: செஞ்சியிலிருந்து ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடரை வாசித்தல்

பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை வெளிநாட்டார் ரசிப்பது பற்றி இரண்டு விளக்கங்கள் ஆய்வுலகில் நிலைபெற்றுள்ளன. எல்லை தாண்டுவது உடல்மொழி மட்டுமே என்பது முதலாவது. மிஸ்டர் பீன் எங்கும் போவார். சொல்லை நம்பிய நகைச்சுவை பிறந்த ஊரிலேயே தங்கிவிடும். இரண்டாவது விளக்கம் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் பார்வையாளரைப் பற்றியது. தம்மைப் போன்றவர் கேலிக்குள்ளாவதைக் கண்டு அவர்கள் சிரிக்கிறார்கள்; ஆண்டோரின் கண்ணைத் தம் கண்ணாக ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சாட்சி என்கிறது அது. இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று, லண்டனில் வெளிநாட்டாருக்கு நடக்கும் ஆங்கில வகுப்பு ஒன்றைப் பற்றிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடர். அதே சான்றிலிருந்து வேறொரு முடிவுக்கு வர இடமிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வின்ஸ் பவல் எழுதி, லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தயாரித்து, 1977 டிசம்பர் இறுதி முதல் 1979 வரை ஒளிபரப்பான 29 பகுதிகளை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 1986இல் புதுப்பிக்கப்பட்ட 13 பகுதிகளின் மாணவர் குழுவில் மாற்றங்கள் உண்டு; அவற்றுக்குத் தனி ஆய்வு வேண்டும். மேலும், இது பனுவல் வாசிப்பு. பார்வையாளர் கணக்கெடுப்பு அன்று. ஒரு வட்டாரத்தின் செவிப்பழக்கம் ஒரு பனுவலை எவ்வாறு கேட்கக்கூடும் என்பதைத்தான் என்னால் காட்ட முடியும். ஆயினும் அந்தச் செவிப்பழக்கத்தைப் பொருட்படுத்தாத எந்த விளக்கமும் முழுமையாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இக்கேள்வி என்னுள் எழுந்தது செஞ்சியில், உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேசட்டின் முன்னால். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துவந்த என் சித்தப்பா, வகுப்பில் இருந்த சீக்கியரைப் பார்த்துச் சிரித்ததைவிட ஜப்பானியரைப் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம். "இவன் நம்ம ஊர்க்காரன்டா" என்றார். ஒரு வீட்டுச் சிரிப்பு சான்றாகாது. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு இலக்கணத்தில் விடை இருக்கிறது.

எந்த இந்தியர்?

பழைய விளக்கம் 'இந்தியப் பார்வையாளர்' என்ற ஒரே உருவத்தின்மேல் நிற்கிறது. வகுப்பில் பஞ்சாபிச் சீக்கியர் ரஞ்சித் சிங் இருக்கிறார். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் ஜமீலா ரஞ்சா இருக்கிறார். பாகிஸ்தானியர் அலி நதீமும் இருக்கிறார். ஆகவே இந்தியப் பார்வையாளர் தம்மையே காண்கிறார் என்று முடிவுகட்டப்படுகிறது. ஆனால் வகுப்பில் தமிழர் எவரும் இல்லை. ஜமீலா தம் மொழியில் பேசும்போது தில்லியில் இருப்பவருக்குப் பொருள் விளங்கும். லண்டன் ஒளிப்பதிவு அரங்கில் இருப்பவருக்கு அது வெறும் ஒலி. செஞ்சியில் இருப்பவருக்கும் ஏறக்குறைய அப்படியே. 1968 முதல் இருமொழிக் கொள்கையில் கல்வி கற்ற தலைமுறைக்கு ஆங்கிலம் வகுப்பறை மொழி. இந்தி, கேட்டுப் பழகிய அயல்மொழி. நடிகர் தேர்வே இந்த 'இந்தியர்' எவ்வளவு தளர்வான வார்ப்பு என்பதைக் காட்டும். ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர்.

இந்தப் பன்மை வெறும் ஊகமன்று. இதே தொடர் 1993இல் 'ஜபான் சம்பால்கே' என்று இந்தியில் மறுவடிவம் பெற்றது. பங்கஜ் கபூர் ஆசிரியராக நடித்தார். கற்பிக்கப்பட்ட மொழி இந்தி. மாணவர்களில் வெளிநாட்டாரோடு, இந்தி தாய்மொழியல்லாத இந்தியரும் இருந்தனர். லண்டனில் அயலார் அனைவரும் ஒரே பக்கம். மறுவடிவத்திலோ இந்தியரே ஆசிரியர் மேசைக்கு இருபுறமும் பிரிந்துபோனார்கள். இந்தியப் பார்வையாளரை ஒருவராகக் கொள்ளும் ஆய்வு இந்த மறுவடிவத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அப்படியானால் தமிழ்க் காது வகுப்பில் யாரிடம் தன்னைக் கேட்கிறது? டாரோ நகாசுமியிடம் என்பது என் முடிவு. ராபர்ட் லீ நடித்த இந்த ஜப்பானியர் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் 'ஓ' சேர்த்துப் பேசுவார். லண்டன் அரங்கத்துக்கு அது குழந்தைத்தனமான பிழை. தமிழருக்கோ அது தம் வாயில் நாள்தோறும் நடப்பது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை என்பது தொல்காப்பிய மொழிமரபு முதல் நாம் அறிந்தது. அதனால்தான் பஸ் 'பஸ்ஸு' ஆகிறது. லைட் 'லைட்டு' ஆகிறது. கேட் 'கேட்டு' ஆகிறது. டாரோ சேர்க்கும் உயிரெழுத்து வேறு. சேர்க்க வேண்டிய காரணம் ஒன்றே. ஜப்பானிய மொழியும் பெரும்பாலும் உயிரிலேயே சொல்லை முடிக்கும். சித்தப்பாவின் 'நம்ம ஊர்க்காரன்' பாசத்தில் வந்த உயர்வுநவிற்சி அன்று. சொல்லின் ஈற்றில் உகரம் கேட்டுப் பழகிய செவியின் தீர்ப்பு. தன் இலக்கணம் அயல்மொழியின்மேல் நிழலாக விழுவதை அந்தச் செவி கண்டுகொண்டது. தோற்றத்தால் நெருங்கிய இந்தியரிடம் நேராத அடையாளங்காணல், ஒலியால் நெருங்கிய ஜப்பானியரிடம் நேர்கிறது.

கட்டியங்காரன் கேட்கும் விதம்

அடையாளங்கண்டவர் தாழ்வை ஒப்புக்கொண்டார் என்றும் இதை வாசிக்கலாம் அல்லவா? பழைய விளக்கத்தார் அப்படித்தான் கேட்பார்கள். பிழை என்பது அறியாமை, அறியாமை கேலிக்குரியது என்ற முன்முடிவின்மேல் அக்கேள்வி நிற்கிறது. செஞ்சி வட்டாரத்தில் அந்த முன்முடிவு செல்லாது.

செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாக இப்பகுதியில் போற்றப்படுவது. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதிக்கு (1988) செஞ்சியையே தொடக்கப் புள்ளியாக்கினார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் தீமிதி என்று நாள்கணக்கில் நீளும் இத்திருவிழாக்களில் ஊர் விழித்திருப்பது கூத்துக்காக. கூத்தில் சிரிப்பது கட்டியங்காரனுக்காக.

இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேந்தன் தன் வரவைப் பாடுகிறான். வடசொல் கலந்த உயர்நடை, அடுக்கடுக்கான விருதுகள். திரை விலகியதும் நீ யார் என்று கேட்பவன் கட்டியங்காரன். அரசன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவன் தெருப் பேச்சில் திருப்பிக் கேட்பான், மாற்றிக் கேட்பான், நேர்ப்பொருளில் பிடித்துக்கொள்வான். நாட்டில் மும்மாரி பொழிகிறதா என்றால், எந்தத் தெரு மாரியம்மன் என்று கேட்கக்கூடியவன் அவன். இவ்வகைக் கேட்டலைப் 'பிறழ்கேட்பு' என்று அழைக்கிறேன். பிறழ்கேட்பில் அம்பலமாவது கேட்டவனின் அறியாமை அன்று. பேசியவனின் மொழி தன்னைத்தானே பெரிதாக நினைத்திருந்தது என்பதுதான். கட்டியங்காரன் தப்பாகக் கேட்டான் என்று எந்த ஊரிலும் அவனை மூடன் என்பதில்லை. குழுவில் தேர்ந்த நடிகருக்குத்தான் அந்த வேடம்.

இந்தக் காதோடு ஜெரமி பிரவுனின் வகுப்புக்குள் நுழைந்தால், காட்சியின் அமைப்பு கூத்தின் அமைப்போடு பொருந்துவதைக் காணலாம். பேரி எவன்ஸ் நடித்த ஆசிரியர் உயர்மொழியோடு வருகிறார். மரபுத்தொடர் ஒன்றைச் சொல்கிறார். வகுப்பு அதை நேர்ப்பொருளில் பிடித்துக்கொள்கிறது. ஸ்பானியர் ஹுவான் செர்வாண்டஸ் கேட்காத கேள்விக்கும் உறுதியோடு விடை சொல்கிறார். ரஞ்சித் ஆயிரம் மன்னிப்புக் கோரிக் கைகுவிக்கிறார். பணிவு மிகுந்து மிகுந்து, மன்னிப்பைப் பெறுபவர்தான் சங்கடப்படுகிறார். ஒவ்வொரு பகுதியிலும் நிலைகுலைபவர் ஆசிரியர். அடுத்த நாளும் மாறாமல் வந்து அமர்பவர்கள் மாணவர்கள். இத்தனை பகுதிகளுக்குப் பிறகும் அவர்கள் திருந்தாததைக் கதையமைப்பின் சோம்பல் என்று பழைய ஆய்வு சொல்லும். கட்டியங்காரனும் எந்த இரவிலும் திருந்தியதில்லை. திருந்திவிட்டால் வேந்தனின் மொழியைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

சிட்னியின் சாட்சி

இதற்கு எதிராக வைக்கத்தக்க வலுவான மறுப்பு அரங்கச் சிரிப்பொலி. எங்கே சிரிக்க வேண்டும் என்பதை லண்டன் அரங்கம் ஒலியால் கட்டளையிடுகிறது. அயல்நாட்டார் அதைப் பின்தொடர்கிறார் என்பார்கள். என் வாதத்தின் திருப்புமுனை இங்கேதான். அதற்கான சாட்சி பள்ளியின் பராமரிப்பாளர் சிட்னி.

டாமி காட்ஃபிரே நடித்த சிட்னி, கிழக்கு லண்டன் காக்னி வழக்கில் எதுகைக் கொச்சையோடு பேசுபவர். அவ்வழக்கில் மாடிப்படியை 'ஆப்பிளும் பேரிக்காயும்' என்பார்கள். ஆங்கிலத்தில் ஒலி இயைவது ஒன்றே தொடர்பு. நன்னூல் குழூஉக்குறி என்று வகுத்தது இதைத்தான். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைப் போல. சிட்னி பேசும்போது வகுப்பு விழிக்கிறது, அரங்கம் சிரிக்கிறது. லண்டன்காரர் சிரிப்பது தமக்குப் புரிந்தது வகுப்புக்குப் புரியவில்லை என்பதால். செஞ்சிக்காரருக்கும் சிட்னி புரிவதில்லை. சிரிப்பொலி கேட்கிறது, காரணம் கைக்கு எட்டவில்லை. அந்தக் கணத்தில் பார்வையாளர் வகுப்பின் பெஞ்சில் வந்து அமர்ந்துவிடுகிறார். அங்கிருந்து பார்க்கும்போது புலப்படுவது வேறு: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவர், வகுப்பில் கற்பிக்கப்படும் ஆங்கிலத்தைப் பேசுவதே இல்லை, அவரைத் திருத்த யாரும் முயல்வதும் இல்லை. தலைமையாசிரியை மிஸ் கோர்ட்னியின் மிடுக்கான ஆங்கிலமும் சிட்னியின் கொச்சையும் ஒரே கூரையின் கீழ் உலவ, பிழை என்ற சொல் மட்டும் வகுப்பறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. செந்தமிழ் எழுதிக் கொடுந்தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். சிரிப்பொலி ஒன்றே, சிரிக்கும் இடம் இரண்டு.

இதே காது வேறு தொடரிலும் வேலை செய்கிறது. அன்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதிய 'எஸ் மினிஸ்டர்' (1980–84) தொடரில் உயர்மொழி, செயலர் சர் ஹம்ஃப்ரியின் முடிவில்லாத வாக்கியங்களில் இருக்கிறது. அமைச்சர் பேசும் உருவகங்களை நேர்ப்பொருளில் பிடித்துத் திருத்தும் பெர்னார்ட், கட்டியங்காரனுக்கு நெருங்கிய உறவு. வட்டாட்சியர் அலுவலகக் கோப்பின் நடையை அறிந்த எவருக்கும் அத்தொடருக்கு உரையாசிரியர் தேவையில்லை. எல்லை தாண்டுவது உடல்மொழி மட்டுமே என்ற முதல் விளக்கம் இங்கே விழுந்துவிடுகிறது. அதன்மேல் மேலும் சொல் செலவிடத் தேவையில்லை.

விட்டுக்கொடுக்க வேண்டியவை

பிறழ்கேட்பு எல்லாவற்றையும் விளக்காது. ரஞ்சித்துக்கும் அலிக்கும் இடையே மதத்தின் பெயரால் மூளும் சண்டைகளில் மொழிக்கு வேலையில்லை. பிரிவினையின் காயத்தை வேடிக்கையாக்கும் அக்காட்சிகளைக் கட்டியங்காரனாலும் காப்பாற்ற முடியாது. வகுப்பின் பிரெஞ்சு மாணவியை ஆண் கண்களின் பொருளாக மட்டுமே வைக்கும் காட்சிகளும் அப்படியே. இங்கெல்லாம் பழைய விளக்கமே சரி. லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனின் மைக்கேல் கிரேட், வார்ப்புருக்கள் புண்படுத்துவன என்று கருதி 1979இல் தொடரை நிறுத்தியதையும் நான் மறுக்கவில்லை. பிரித்தானியப் பள்ளியில் பயின்ற குடியேறியவரின் பிள்ளைக்கு மறுநாள் காலை ஒரு பட்டப்பெயர் காத்திருந்திருக்கலாம். செஞ்சியில் பார்த்தவருக்கு அந்த மறுநாள் இல்லை. ஒரே பனுவல் ஓரிடத்தில் காயமாகவும் வேறோரிடத்தில் கலையாகவும் இருக்க முடியும். முதலாவதை உணர்ந்த ஆய்வு இரண்டாவதைப் பொய்யென்று சொல்லத் தேவையில்லை.

எழுதியவரின் நோக்கம் இதுவன்று என்ற மறுப்பு எளிது. கூத்துப் பாட்டை எழுதிய புலவரின் நோக்கத்தைக் கட்டியங்காரன் எந்நாளும் கேட்டதில்லை. நகரத்து ஆங்கிலக் கல்வியாளர் இப்படிக் கேட்பாரா என்ற கேள்விக்கும் நீண்ட விடை வேண்டாம். 'பஸ்ஸு' சென்னையிலும் பஸ்ஸுதான்.

கடைசியாக, செஞ்சி என் சொந்த ஊர் என்பதால் மட்டும் இவ்வாதத்துக்கு இடமாகவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட இளம் பந்தேல ராஜபுத்திரன் தேஜ் சிங், இவ்வூர்க் கதைப்பாடலில் தேசிங்கு ராஜன் ஆனான். தமிழ் நாக்கு ஜகரத்தைச் சகரமாக்கி, ஈற்றில் உகரம் சேர்த்து, பிறழ்ந்து கேட்ட பெயர் அது. அந்தப் பிழையின் வழியாகத்தான் அயல்மொழி பேசிய ஒருவன் இம்மண்ணின் வீரனாகிக் கூத்தில் ஏறினான். அவன் பெயரைத் தவறாகக் கேட்டவர்கள் அவனைத் தாழ்த்தவில்லை, தாமும் தாழவில்லை. டாரோ சேர்த்த 'ஓ'வை அந்த உகரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, லண்டன் வகுப்பறையின் பிழைகளை அறியாமை என்று படிப்பதற்கு முன் நாம் ஒருமுறை நின்று கேட்டாக வேண்டும்.