புழுதியில் காத்திருக்கும் விதை
பழவேற்காடு என்றதும் ஏரியும் வலையும் ஒல்லாந்தர் கோட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூர் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தில், மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் உழவரும் உளர். முளைகட்டிய விதை சேற்று வயலுக்கு ஏற்றது. புழுதியிலோ, மழை தாமதித்தால் அம்முளை கருகிவிடும்.

விதையை ஊறவைத்தல் தொன்மையான வழக்கம். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், வெள்ளரி விதையைப் பாலிலோ நீரிலோ ஊறவைப்பதைக் குறித்துள்ளார். வறட்சியைத் தாங்க விதையைப் பழக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டில் சோவியத் அறிஞர் ஹென்கெல் ஆராய்ந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி நெல்விதையை 1 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கப் பரிந்துரைத்துள்ளது. விதைக்குள் முளைப்பின் தொடக்க வேலைகள் நடந்து, வேர் வெளிவருமுன் உலர்த்தலால் நின்றுவிடுகின்றன. ஆகவே அவ்விதை காத்திருக்கிறது. ஈரம் கண்டதும் விரைந்து, சீராக முளைக்கிறது.

மழையை வரவழைக்க நம்மால் இயலாது. பெய்த சிறு மழையை வீணாக்காதிருக்க இயலும்.