நலனும் உரிமையும்: காவிரிப் படுகை வரலாற்றில் குழந்தைகள் நாள்

முன்னுரை

குழந்தைகளுக்கெனத் தனியே ஒரு நாளைக் குறிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பரவலாயிற்று. அந்நாளில் பேசப்பெறும் நலன், உரிமை என்னும் இரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. அரசும் சமூகமும் விரும்பி வழங்குவது நலன். வழங்கத் தவறினால் சட்டத்தின் வழி கேட்டுப் பெறத்தக்கது உரிமை. குத்தாலம், கும்பகோணம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் அண்மைக்கால வரலாற்றின்வழி இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழந்தைகள் நாளின் தோற்றம்

1924ஆம் ஆண்டு நாடுகளின் சங்கம் குழந்தைகள் உரிமை குறித்த ஜெனீவா அறிக்கையை ஏற்றது. 1954ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, உலகக் குழந்தைகள் நாளை ஒவ்வொரு நாடும் தனக்குத் தகுந்த தேதியில் கடைப்பிடிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. இந்தியாவில் நேருவின் பிறந்தநாளான நவம்பர் 14 அவ்வாறு நிலைபெற்றது. குழந்தைகள் உரிமை அறிக்கை 1959 நவம்பர் 20 அன்றும், உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்றும் நிறைவேறியமையால் உலக அளவில் அத்தேதி சிறப்புப் பெற்றது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1992 டிசம்பர் 11 அன்று ஏற்றது. குழந்தைகளைப் பேணும் நிறுவனங்கள் பாதுகாப்பு, உடல்நலம், மேற்பார்வை ஆகியவற்றில் உரிய தரத்தைப் பின்பற்றுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் 3ஆம் உறுப்பின் மூன்றாம் பிரிவாகும்.

தமிழகத்தின் நலன் மரபு

பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிப்பதில் தமிழகம் முன்னோடியாகும். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய முயற்சி, 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமாகவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாகவும் விரிந்தது. பசித்த குழந்தைகள் பள்ளிக்கு வந்தனர். ஆனால் உணவு சமைக்கும் இடமும் குழந்தை அமரும் இடமும் எத்தகையன என்னும் வினா நெடுங்காலம் பின்தங்கியே நின்றது.

கீற்றுக் கூரையும் 2004 ஜூலை 16உம்

குத்தாலத்திலிருந்து மேற்கே காவிரியை ஒட்டிச் செல்லும் சாலை கும்பகோணத்தை அடைகிறது. தென்னை மிகுந்த இப்பகுதியில் மூங்கில் சட்டத்தின் மீது வேயப்படும் கீற்றுக் கூரை வீடு, கொட்டகை, பந்தல் எனப் பலவற்றிற்கும் பயன்படுவது. விலை குறைவு, வெயிலுக்குக் குளுமை என்பன அதன் நன்மைகள். எளிதில் தீப்பற்றும் என்பது எவரும் அறிந்த அதன் தீமை. அத்தகைய கூரை பள்ளி மாடியிலும் இடம்பெற்றிருந்தது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளிக் கட்டடத்தில், மதிய உணவு சமைக்கும் இடத்தில் மூண்ட தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. வெளியேறும் வழி குறுகலாக இருந்தது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனவும் பதினொருவரைக் குற்றமற்றவர்கள் எனவும் தீர்ப்பளித்தது.

உடன்படிக்கையை இந்தியா ஏற்றுப் பதினோர் ஆண்டுகள் கடந்தபின் இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. பாதுகாப்புத் தரம் எழுத்தில் இருந்தது. அதைக் கட்டடத்தில் தேடிப் பார்க்கும் மேற்பார்வை இல்லை.

நலன் உரிமையாதல்

இத்தீவிபத்தையொட்டி எழுந்த பொதுநல வழக்கில் (அவினாஷ் மெஹ்ரோத்ரா எதிர் இந்திய ஒன்றியம்) உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வழங்கியது. அரசமைப்பின் 21அ உறுப்பு அளிக்கும் கல்வி உரிமையில் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என அது வரையறுத்தது. தீயணைப்புக் கருவிகள், ஆசிரியர்க்குப் பயிற்சி, பள்ளிக் கட்டடத்தினின்று விலகிய சமையலிடம் ஆகியன வலியுறுத்தப்பெற்றன. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற கட்டடத்தையும் சமையற்கூடத்தையும் பள்ளியின் கட்டாயத் தேவைகளாக்கியது. சட்ட நிலையில், உணவு என்னும் நலனோடு பாதுகாப்பு என்னும் உரிமையும் இணைந்தது.

முடிவுரை

கும்பகோணத்தில் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று பெற்றோர் விளக்கேற்றி அஞ்சலி செலுத்துகின்றனர். நவம்பரில் வரும் நாள்கள் பேச்சும் போட்டியும் கொண்டவை. காவிரிப் படுகையைப் பொறுத்தவரை குழந்தை உரிமை என்பதன் பொருளைத் தெளிவாக உணர்த்தும் நாள் ஜூலை 16 எனலாம். குத்தாலம் முதலிய ஊர்ப் பள்ளிகள் குழந்தைகள் நாளன்று கூரை, படிக்கட்டு, வாயில், சமையற்கூடம் ஆகியவற்றைப் பெற்றோர் முன்னிலையில் சரிபார்ப்பதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக்குமெனில், அந்நாள் கொண்டாட்டம் என்னும் நிலையினின்று உரிமையைக் கேட்கும் நாளாக உயரும்.