கடன் கட்டிய கால்வாய்கள்: ஜோர்தானின் நீர் நிர்வாகமும் பொது நிதியும்

ஒரு நாட்டில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் நன்னீர் 500 கன மீட்டருக்குக் கீழே போனால், நீரியல் அறிஞர்கள் அதை அறுதிப் பற்றாக்குறை என்று வகைப்படுத்துகின்றனர். ஜோர்தானில் அந்த அளவு இன்று 100 கன மீட்டரைக்கூட எட்டுவதில்லை. மழைக் குறைவும், 1948, 1967 ஆகிய ஆண்டுகளின் போர்களும் பின்னர் ஈராக், சிரியா நெருக்கடிகளும் அலை அலையாகக் கொண்டுவந்து சேர்த்த அகதிகளும் இந்நிலைக்குப் பெரும் காரணங்கள். ஆயினும், அணையும் கால்வாயும் குழாயும் கட்ட யார் பணம் தந்தனர், அப்பணத்தோடு நிர்வாக அமைப்பு எவ்வாறு உருமாறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்நாட்டு நீர் வரலாறு முழுமை பெறும்.

யோர்தான் ஆற்றையும் அதன் துணையாறான யர்மூக்கையும் கரையோர நாடுகள் பங்கிட்டுக்கொள்வதற்காக, அமெரிக்கத் தூதர் எரிக் ஜான்ஸ்டன் 1953 முதல் 1955 வரை நடத்திய பேச்சுவார்த்தை அரசியல் ஒப்பந்தமாக முடியவில்லை. ஆனால் அதில் வகுக்கப்பட்ட பங்கீட்டுக் கணக்கைப் பின்புலமாகக் கொண்டு, அமெரிக்க நிதியுதவியோடு 1950களின் இறுதியில் கிழக்கு கோர் கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. யர்மூக்கின் நீரைத் திருப்பி, யோர்தான் பள்ளத்தாக்கின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே கொண்டுசெல்லும் இக்கால்வாய், 1969இல் இஸ்ரேலியத் தாக்குதல்களால் சேதமடைந்து, பின்னர் பழுதுபார்க்கப்பட்டு, படிப்படியாக நீட்டிக்கப்பட்டு இன்று 110 கிலோமீட்டர் நீளத்தில் மன்னர் அப்துல்லா கால்வாய் என்ற பெயரில் ஓடுகிறது. கால்வாயைக் கவனிக்க உருவான அமைப்பே விரிந்து, 1977இல் யோர்தான் பள்ளத்தாக்கு ஆணையமாக நிலைபெற்றது. பாசனத்தோடு நில மறுபங்கீடு, குடியிருப்பு, சாலை ஆகியவற்றையும் கையாண்ட இந்த ஆணையம் ஏறத்தாழ ஒரு சிறு மாகாண அரசாகவே இயங்கியது எனலாம்.

நகரங்களின் கதை வேறு. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பான அமைப்புகள் 1980களில் ஜோர்தான் நீர் ஆணையத்தின் கீழ்த் தொகுக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு நிலையான வடிவம் தந்தது. இரு ஆணையங்களுக்கும் மேலாக 1992இல் நீர் மற்றும் பாசன அமைச்சகம் அமைந்தது. இதற்குள் தலைநகர் அம்மான் பள்ளத்தாக்கு நீரில் பங்கு கேட்கத் தொடங்கியிருந்தது. கடல்மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழே கிடக்கும் கால்வாயிலிருந்து நீரை எடுத்து, மலைமேலுள்ள ஸாய் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றி, அங்கிருந்து நகருக்கு அனுப்பும் ஏற்பாடு இன்றும் நடைமுறையில் உள்ளது. இவ்வாறு மேலே ஏறிய நன்னீர், வீடுகளில் பயன்பட்டுக் கழிவுநீராகி, அஸ்-ஸம்ரா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, ஸர்க்கா ஆற்றின் வழியே மன்னர் தலால் அணையில் சேர்ந்து, மீண்டும் பள்ளத்தாக்கின் வயல்களுக்கே இறங்கிவருகிறது. நகரம் நன்னீரை எடுத்துக்கொண்டு உழவருக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் திருப்பித் தரும் இந்தப் பரிமாற்றத்தை இரு தனித்தனி ஆணையங்கள், இரு தனித்தனிக் கணக்குகளில் நடத்திவருகின்றன. மின்செலவின் பெரும் பங்கு ஏற்றும் பக்கத்திலேயே விழுகிறது.

1998 கோடையில் ஸாய் வழியாக வந்த குடிநீர் நாற்றமடித்ததும், அது பெரும் அரசியல் சர்ச்சையாகி நீர்த்துறை அமைச்சர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, அம்மானின் விநியோகத்தை நடத்தும் பொறுப்பு, மேலாண்மை ஒப்பந்தம் என்ற முறையில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்முறையில் குழாயும் நிலையமும் அரசின் உடைமையாகவே இருக்க, நடத்துபவர் கட்டணம் மட்டும் பெறுவார். இந்த மாற்றத்துக்கு அந்த நாற்றம் மட்டுமே காரணமென்று கூற முடியாது; தனியார் பங்கேற்பை உலக வங்கி உள்ளிட்ட கடன் அளிப்போர் வலியுறுத்திவந்த காலம் அது. ஒப்பந்தக் காலம் முடிந்து 2007இல் அப்பொறுப்பை ஏற்ற மியாஹுனா, பெயரளவில் வணிக நிறுவனம். அதன் பங்குகள் முழுவதும் நீர் ஆணையத்துக்கே உரியவை. அதாவது அரசு தன்னிடமிருந்து தானே பிரிந்து நின்று, தனக்குத் தானே கணக்குக் காட்டத் தொடங்கியது.

பெரிய கட்டுமானங்களுக்கு இதே காலத்தில் 'கட்டி, இயக்கி, ஒப்படைத்தல்' என்ற முறை வந்தது. தனியார் குழு தன் முதலீட்டில் கட்டி, குறித்த ஆண்டுகள் இயக்கி, விற்பனை வருவாயில் முதலீட்டை மீட்ட பின் அரசிடம் ஒப்படைப்பதே இதன் இலக்கணம். 2008இல் இயங்கத் தொடங்கிய அஸ்-ஸம்ரா நிலையம், அமெரிக்க மானியமும் தனியார் முதலும் கலந்து இவ்வகையில் உருவானது. தெற்கே சவூதி எல்லையை ஒட்டிய தீஸி நிலத்தடிப் படுகையிலிருந்து 325 கிலோமீட்டர் குழாய் வழியே ஆண்டுக்கு 100 மில்லியன் கன மீட்டர் நீரை அம்மானுக்குக் கொணரும் திட்டம் 2013இல் நிறைவேறியது. இது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து, இன்று மழையால் ஈடுசெய்யப்படாத தொல்நீர். துருக்கிய நிறுவனம் ஒன்று கட்டிய இத்திட்டத்துக்கு அமெரிக்க, ஐரோப்பியப் பொதுநிதி நிறுவனங்கள் கடன் தந்தன. அந்நீரை ஒப்பந்த விலையில் வாங்கும் கடப்பாட்டை ஜோர்தான் அரசு ஏற்றது. தனியார் முதல் என்று பேசப்பட்டதன் அடியில் கிடந்தது அரசின் பொறுப்புறுதியே.

மறுபுறம், வரவு செலவுக்கு ஈடாகவில்லை. பள்ளத்தாக்கு உழவர் செலுத்தும் பாசனக் கட்டணம் கன மீட்டருக்குச் சில ஃபில்ஸ்தான். ஆயிரம் ஃபில்ஸ் சேர்ந்தது ஒரு தினார். மேட்டுநில உழவருக்கு 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டு விதி, உரிமம் பெற்ற கிணற்றிலிருந்து ஆண்டுக்கு 1,50,000 கன மீட்டர் வரை கட்டணமின்றி எடுக்க இடம் தந்தது. நிலமும் கிணறும் வைத்திருந்த செல்வாக்குள்ள குடும்பங்களையும் பழங்குடித் தலைவர்களையும் பகைத்துக்கொள்ள எந்த அமைச்சரவையும் முன்வராததே இத்தாராளத்தின் காரணமாகத் தோன்றுகிறது. நகரக் குழாய்களிலோ ஏற்றப்படும் நீரில் ஏறத்தாழ பாதி, கசிந்தோ திருடப்பட்டோ அளவியில் பதியாமலோ 'வருவாய் தராத நீர்' ஆகிவிடுகிறது. அம்மான் வீடுகளுக்கு வாரத்தில் ஓரிரு நாளே முறை வைத்து நீர் வருவதால், துணி துவைப்பதும் வீடு கழுவுவதும் அந்நாளுக்கே ஒதுக்கப்படுகின்றன. மொட்டைமாடியில் பெரிய தொட்டி வைத்திருப்பவர் அடுத்த முறை வரை சமாளிப்பார். சிறு தொட்டி உடையவர் லாரி நீரைப் பல மடங்கு விலைக்கு வாங்குவார். பற்றாக்குறையின் உண்மையான விலையை ஏழைகள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்க, அது நீர் ஆணையத்தின் கணக்கில் மட்டும் வரவாகவில்லை.

செங்கடலையும் சாக்கடலையும் இணைக்கும் கூட்டுத் திட்டத்தை 2021இல் கைவிட்ட ஜோர்தான், செங்கடல் கரையிலுள்ள அகபாவில் கடல்நீரைக் குடிநீராக்கி ஆண்டுக்கு 300 மில்லியன் கன மீட்டர் நீரை அம்மானுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை முன்னெடுத்து, 2025 தொடக்கத்தில் பிரெஞ்சு நிறுவனங்கள் தலைமையிலான குழுவோடு ஒப்பந்தம் செய்தது. இதுவும் 'கட்டி, இயக்கி, ஒப்படைத்தல்' முறையிலானதே. தீஸியின் மும்மடங்கான இந்த நீர், கசிவைப் பெருமளவு குறைக்காமலும் கிணறுகளுக்கு மெய்யான விலை விதிக்காமலும் அதே பழைய குழாய்களில் வந்து சேருமானால், அதில் வீணாகும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் உப்பை நீக்கிய செலவையும் மலையேற்றிய மின்செலவையும் ஜோர்தான் கருவூலமே ஏற்க வேண்டியிருக்கும்.