நடுவம் இல்லா வலையில் தம்மவரைத் தேடுதல்

2022 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27 ஆம் நாள் டுவிட்டர் நிறுவனம் இலோன் மஸ்க் என்னும் பெருஞ்செல்வரின் கைக்கு மாறிற்று. விலை 4,400 கோடி அமெரிக்க வெள்ளி. புதிய உடைமையாளரின் போக்கை அஞ்சிப் பலர் வேறிடம் நாடினர். அவ்வாறு அவர்கள் சென்றடைந்த இடங்களுள் முதன்மையானது மாஸ்டடோன். அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே, திங்களுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் புழங்கிய அவ்விடத்தில் 25 இலட்சம் பேர் புழங்கலாயினர் என்று அதனைப் படைத்தவரே கணக்குக் கூறினார். ஆயினும், அக்கூட்டத்தோடு சென்ற கறுப்பின அமெரிக்கர் அங்குத் தம்மவரைக் காணாது பட்ட பாடு இக்கணக்கில் தெரியாது. அதனையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் அவ்விடத்தின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். டுவிட்டர் ஒரே வீடு, வீட்டுக்காரரும் ஒருவரே. மாஸ்டடோன் அப்படியன்று. ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோச்கோ என்பவர் 2016 இல் வெளியிட்ட அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெற்றுத் தமக்கெனச் சர்வர் ஒன்றை நிறுவி, தாமே விதி வகுத்து நடத்தலாம். ஓர் ஊர் அஞ்சலகத்திற் போட்ட கடிதம் இன்னோர் ஊரிற் கிடைப்பது போல, ஒரு சர்வரில் எழுதியது மற்றொரு சர்வரில் உள்ளவர்க்கும் போய்ச் சேரும். இதற்குரிய பொது விதிமுறையாகிய ஆக்டிவிட்டிபப், 2018 ஜனவரியில் உலக வலைத் தரங்களை வகுக்கும் கழகத்தின் ஏற்பைப் பெற்றது. ஆனால் இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு; புதியவர் பலர் அதனை அறியார். ஒரு சர்வரில் உள்ள எவரேனும் ஒருவர் பின்தொடரும் ஆளின் எழுத்தே அந்தச் சர்வருக்கு இயல்பாக வந்து சேரும். ஆதலின், சிறிய சர்வர் ஒன்றில் அமர்ந்து தேடுபவர்க்குத் தம் இனத்தார் எவருமே அவ்வலையில் இல்லை போலத் தோன்றும். அவர்கள் இருப்பார்கள், அவர்கள் எழுத்துத்தான் அங்கு வந்திராது.

இஃதொன்றோடு போயிருந்தால் குறையைப் பொறுத்திருக்கலாம். தேடலே அங்கு வேண்டுமென்று சுருக்கப்பட்டிருந்தது. ஏன் என்பதற்கு விடை அதன் தொடக்க வரலாற்றில் உள்ளது. மாஸ்டடோனின் முதற் குடிகளுள் திருநங்கையரும் திருநம்பியரும் ஒருபால் விருப்பினரும் மிகுதி. அவர்களுட் பலர் டுவிட்டரில் துரத்தப்பட்டவர்கள். அங்கே பகைவர் ஒரு சொல்லைத் தேடற் பெட்டியில் இட்டாற் போதும். அச்சொல்லை எழுதியவர் அத்தனை பேரும் அகப்படுவர். பின் கூட்டமாக வந்து வைவர். ஒருவர் எழுதியதை மேற்கோளாக எடுத்துத் தம் கூட்டத்தார் முன் தூக்கிக் காட்டி நகைப்பதும் வழக்கமாயிருந்தது. எனவே, புதிய இடத்தில் முழுத் தேடல் வைக்கப்படவில்லை. மேற்கோள் பதிவும் இல்லை. எழுதியவர் தாமே இட்ட ஹேஷ்டேக் ஒன்றே தேடுவோர்க்குக் கைவிளக்கு. மனத்தைப் புண்படுத்தக் கூடிய பதிவின்மேல் எச்சரிக்கைத் திரை இடும் வழக்கமும் அவர்களிடையே வேரூன்றியது. ஓடி ஒளிந்தவர் கட்டிய வீட்டில் சன்னல் சிறிதாக இருப்பதில் வியப்பில்லை.

கறுப்பின அமெரிக்கர் வந்த வழி வேறு. டுவிட்டரில் அவர்கள் ஒரு தனிச் சமூகமாகவே வளர்ந்திருந்தனர். தலைவர் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. பேச்சே அவர்களைப் பிணைத்தது. ஒருவர் கூற்றை மற்றொருவர் மேற்கோள் காட்டி அதன்மேல் தம் சொல்லை ஏற்றுவது, அவர்தம் தேவாலயங்களில் போதகர் அழைக்கச் சபையார் விடையிறுக்கும் மரபின் தொடர்ச்சி என்பர். 2013 இல் பிறந்த 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்னும் ஹேஷ்டேக், மறு ஆண்டு பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் இளைஞர் காவலர் ஒருவரால் சுடப்பட்டபோது நாடெங்கும் பரவியது. காணப்படுதலே அவர்கட்கு வலிமை.

அத்தகையோர் மாஸ்டடோனுக்கு வந்தபோது தேடல் இல்லை, மேற்கோள் இல்லை. 'பிளாக் மாஸ்டடோன்' என்று தாமே ஒரு ஹேஷ்டேக் இட்டுக் கூவி அழைத்தனர். அக்குரலும் ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வோர் அளவே கேட்டது. இதனினும் கொடுமை, தாம் பட்ட இனவெறித் துன்பத்தை எழுதியவரிடம், அதன்மேல் எச்சரிக்கைத் திரை இடுமாறு முன்குடிகள் பலர் கற்பித்ததுதான். வெள்ளையர் மனம் நோகாதிருக்கத் தம் வாழ்வையே திரையிட வேண்டுமோ என்று அவர்கள் கேட்டனர். மெய்யியல் பேராசிரியர் ஜானதன் பிளவர்ஸ் அவ்வாண்டு நவம்பரிலேயே இதனை விரித்துப் பேசினார். முன்குடிகளை முற்றும் குற்றவாளிகள் என்பதற்கில்லை. ஆனால், தமக்கு அரணாய் அமைந்தது பிறர்க்குச் சுவராகும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திலர் என்பதை மறைப்பதற்குமில்லை.

இஃது அமெரிக்கர் கதை மட்டுமன்று. 2019 இல் இந்தியாவில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டது. 1936 இல் ஹாம்பர்க்கில் நாஜி வணக்கம் செய்ய மறுத்து நின்ற தொழிலாளியின் படத்தை அவர் வைத்திருந்ததும் ஒரு காரணம். அதே நாள்களில் தலித், பகுஜன் எழுத்தாளர் பலர் டுவிட்டர் சாதி பார்க்கிறது என்று முழங்கினர். இரு சாராருள்ளும் பலர் மாஸ்டடோனுக்குப் பெயர்ந்தனர். அவ்வார்வம் நெடுநாள் நிலைக்கவில்லை.

பின்னர் வேறொரு வழி தோன்றிற்று. புளூஸ்கை என்பது மற்றொரு வலை. அதுவும் நடுவமற்றது என்றே பெயர். மெய்யாகவோ, பெரும்பாலான கணக்குகள் இன்றும் அந்நிறுவனத்தின் சர்வர்களிலேயே உள்ளன. எனினும், எவரும் தம் விருப்பப்படி பதிவுகளைத் திரட்டித் தனி ஓடை அமைக்க அங்கு 2023 இல் வழி திறந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ரூடி பிரேசர் அதனைக் கைக்கொண்டு 'பிளாக்ஸ்கை' என்னும் ஓடையை அவ்வாண்டே தொடங்கினார். கறுப்பினத்தார் தாமே முன்வந்து அதிற் சேர்வர். அதனைத் திறந்தால், யாரையும் தேடாமலே, தம்மவர் பேச்சு ஒருங்கே கிடைக்கும். வசைபாடுவோரைக் கண்டு விலக்கும் பணியும் அச்சமூகத்தார் கையிலேயே இருந்தது. ஓடையளவில் நில்லாமல், கணக்குகளையே வைத்துக் காக்கும் தம் சொந்தச் சர்வரையும் அவர்கள் பின்னர் நிறுவிக்கொண்டனர்.

மாஸ்டடோனும் வாளாவிருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வெளிவந்த 4.2 ஆம் பதிப்பில் தேடல் வந்தது. ஆனால் 'என் எழுத்தைத் தேடலாம்' என்று இசைந்தவர் பதிவுகள் மட்டுமே அதிற் புலப்படும். மேற்கோள் பதிவு 2025 இல் வந்தது. அதிலும் தம்மை யார் எடுத்தாளலாம் என்பதை எழுதியவரே வரையறுக்கலாம். 2022 இல் வந்து தேடிக் களைத்துச் சென்றவர்க்கு இவ்விரண்டும் காலங்கடந்தவையே.